தானாக இயங்கிய துப்பாக்கி: ஒரு செப்புத் தொப்பியின் வரலாறு

"துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் ஒருவர் படுகாயமடைந்தார்."

இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பது எனக்கே நினைவில்லை. செய்தி மேசையில் இருந்த காலத்தில் பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதை ஒப்பு நோக்கியிருக்கிறேன். நான்கு வரிச் செய்தி, ஒற்றைப் பத்தித் தலைப்பு. அத்துடன் அது முடிந்துவிடும். துப்பாக்கி எவ்வாறு "தவறுதலாக இயங்கியது" என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய காலமும் அதுவன்று என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆயினும் உண்மை யாதெனில், அந்த வாக்கியத்தில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

நான் துப்பாக்கி பிடித்தவனல்லன். பிடிக்கும் ஆசையும் இருந்ததில்லை. ஆனால் எங்கள் தலைமுறையினர் பலரைப் போலவே வெற்றுக் கோதுகளை வீதியோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பொறுக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோதின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவே சட்டைப் பொத்தானிலும் சிறிய ஒரு வட்டம், அதன் நடுவில் ஊசியால் குத்தியது போன்ற ஒரு பள்ளம். பிரைமர் என்று சொல்லப்படுகின்ற தீமூட்டும் தொப்பி அதுதான். துப்பாக்கி "தானாக இயங்குவதற்கு" உரிய காரணங்களுள் ஒன்று அந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கிறது என்பதை ஓய்வு கிடைத்த பின்னர்தான் படித்து அறிந்தேன். அந்தச் சிறு வட்டத்தின் இருநூறு ஆண்டுக் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பாதிரியாரும் பறவைகளும்

வெடிமருந்து பல நூற்றாண்டுகள் பழையது. அதற்குத் தீமூட்டுவதே நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது. முதலில் எரியும் திரி, பின்னர் சிக்கிமுக்கிக் கல். கல் உருக்கில் உரசித் தெறிக்கும் பொறி, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ துளை வழியாக உள்ளே சென்று பிரதான மருந்தை எரிக்கும். மழை பெய்தால் மருந்து நனையும். காற்றடித்தால் பறக்கும். விசையை இழுத்ததற்கும் வெடி கிளம்புவதற்கும் இடையே ஒரு கண இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளிதான் ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பெல்ஹெல்வி என்ற ஊரின் திருச்சபைக் குருவான அலெக்சாண்டர் போர்சைத்தை எரிச்சலூட்டியது. அவர் வேட்டைப் பிரியர். கிண்ணத்து மருந்தின் ஒளியைக் கண்டதும் நீர்ப்பறவைகள் தப்பிவிடுவதை அவதானித்தார். அடித்தாலே வெடிக்கும் பொருள் ஒன்றைப் பற்றி அக்காலத்தில் விஞ்ஞானிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1800இல் எட்வேர்ட் ஹவார்ட் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர், பாதரசத்திலிருந்து பெறப்படும் பல்மினேற்று என்ற உப்பைப் பற்றி றோயல் சங்கத்துக்கு அறிவித்திருந்தார். அந்தச் சோதனைகளில் அவரே காயமுற்றார். அப்பொருள் துப்பாக்கிக் குழலுக்குள் போடும் மருந்தாகப் பயன்படாது. அதன் வேகத்தைக் குழல் தாங்காது. ஆனால் தீமூட்டுவதற்கு ஒரு துளி போதுமல்லவா? இத்தகைய அடிவெடிக் கலவைகளால் தீமூட்டும் பொறிமுறைக்கு 1807இல் போர்சைத் காப்புரிமை பெற்றார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கலவை ஒரு சிறு செப்புத் தொப்பிக்குள் அடங்கியது. அதனைக் கண்டுபிடித்தவர் தாமே என்று பலர் உரிமை கோரினர். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த ஜோசுவா ஷோ என்ற இயற்கைக்காட்சி ஓவியர். 1822இல் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. ஒரு குருவும் ஓவியரும் போர்க்கலையை மாற்றிவிட்டார்கள் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

மாற்றம் எத்தகையது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1834இல் பிரித்தானியாவின் வூலிச்சில் இருவகைத் துப்பாக்கிகளையும் ஒப்பிட்டு, வகைக்கு 6,000 வெடிகள் சுடப்பட்டன. சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 தடவை தீப்பற்றாமல் போயின. தொப்பித் துப்பாக்கிகள் தவறியவை 36 மட்டுமே. ஏறத்தாழ ஆறரைக்கு ஒன்று என்றிருந்த தவறு 166க்கு ஒன்றாகக் குறைந்தது.

தீயும் மருந்தும் ஒன்றாகிய கதை

1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பாடசாலையில் படித்த எவரும் என்பீல்ட் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாக்களை மறந்திருக்கமாட்டார்கள். அந்தத் துப்பாக்கியை நிரப்பிய முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, சன்னத்தைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். இவையனைத்தும் முடிந்த பின்னரே செப்புத் தொப்பியைத் தனியாக எடுத்து வெளியே உள்ள முளையில் மாட்ட வேண்டும். எங்கள் வன்னிக் காட்டு வேட்டைக்காரர்களின் "இடியன்" துவக்கை அறிந்தவர்களுக்கு இந்த இடிக்கும் வேலை புதிதல்ல.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மருந்து ஓரிடம், தீ மூட்டும் தொப்பி வேறிடம். கடைசிக் கணம் வரை அவை சந்திப்பதில்லை. இந்தப் பிரிவினையே ஒரு பாதுகாப்பாக இருந்தது.

உலோகக் கோது அந்தப் பிரிவினையை நீக்கியது. சன்னம், மருந்து, தொப்பி மூன்றும் ஒரே பித்தளைக் குவளைக்குள் நிரந்தரமாகக் குடியேறின. இந்தக் குடியேற்றத்துக்கு 1866ஆம் ஆண்டில் இரண்டு வழிகள் பிறந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுவோரின் படையணியை நடத்திய கேர்ணல் ஹைரம் பேர்டன் ஒரு வழியைக் கண்டார். லண்டனுக்கருகே வூலிச்சில் அரச ஆய்வுகூடத்தின் மேற்பார்வையாளராக இருந்த எட்வேர்ட் பொக்சர் மற்றையதைக் கண்டார்.

வேறுபாடு சிறியது. தொப்பிக்குள் இருக்கும் கலவை வெடிக்கவேண்டுமாயின், கொல்லனின் சுத்தியலுக்கு ஓர் அடைகல் வேண்டியிருப்பது போல, அதற்குக் கீழேயும் ஓர் அடைகல் வேண்டும். பேர்டனின் முறையில் அந்த அடைகல் கோதின் அடியிலேயே ஒரு புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். தீ செல்வதற்கு அதன் இருபுறமும் சிறு துளைகள் இருக்கும். பொக்சரின் முறையில் அடைகல் தொப்பிக்குள்ளேயே ஒரு சிறு துண்டாக இருக்கும். கோதின் நடுவில் ஒரேயொரு துளை மட்டும் இருக்கும்.

காலப்போக்கில் அமெரிக்கரான பேர்டனின் முறை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியது. ஆங்கிலேயரான பொக்சரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. எங்கள் முற்றங்களில் கிடந்த சீனத் தயாரிப்பு ரி-56 தோட்டாக்களின் கோதுகள் பேர்டன் வழியைச் சேர்ந்தவை. அந்தக் கேர்ணலின் பெயரை அறியாமலேயே அவருடைய கைவேலையை நாங்கள் பொறுக்கியிருக்கிறோம்.

மேசையில் நடந்த தொழில்

நடுவில் ஒரே துளை என்பது எளிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஊசியை அத்துளை வழியே செலுத்தித் தட்டினால் எரிந்துபோன தொப்பி வெளியே விழுந்துவிடும். அதேயிடத்தில் புதிய தொப்பியை அழுத்தி, மருந்திட்டு, சன்னம் பொருத்தினால் பழைய கோது மீண்டும் தோட்டாவாகும். பேர்டன் கோதில் இது இலகுவன்று. அமெரிக்காவில் தோட்டாவை மீள நிரப்புதல் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தமைக்கு அந்த ஒற்றைத் துளை ஒரு முக்கிய காரணம்.

தொடக்கத்தில் அது பொழுதுபோக்கன்று, தேவை. மேற்குச் சமவெளிகளில் எருமை வேட்டையாடியவர்களுக்குக் கடை அருகில் இல்லை. பித்தளைக் கோதோ விலையுயர்ந்தது. அமெரிக்க இராணுவமும் ஆரம்பத்தில் தொப்பி உள்ளே மறைந்திருக்கும் செப்புக் கோதுகளையே பயன்படுத்தியது. அவற்றை வடிவமைத்தவர் பிராங்போர்ட் ஆயுதச்சாலையைச் சேர்ந்த ஸ்டீபன் வின்சன்ட் பெனே. பின்னாளில் அதே பெயருடன் கவிஞராகப் புகழ்பெற்றவர் அவருடைய பேரன். 1880களில், வெளியிலிருந்து தொப்பி பொருத்தி மீள நிரப்பக்கூடிய கோதுகள் வந்தன. பயிற்சிக்கான தோட்டாக்களைப் படையினரே நிரப்புவதற்கு முகாம்களுக்குக் கருவிகள் வழங்கப்பட்டன. 1884இல் ஜோன் பார்லோ என்பவர் நியூ ஹேவனில் ஐடியல் என்ற பெயரில் மீள்நிரப்புக் கருவிகள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1943இல் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரில் பிரெட் ஹன்டிங்டன் ஆர்சிபிஎஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். சாதாரண தொழிலாளியின் வீட்டு மேசைக்கும் இந்தத் தொழில் வந்து சேர்ந்தது.

இடையில் இரசாயனமும் தன் பங்குக்குத் தடை போட்டது. பாதரசக் கலவை எரிந்த பின்னர் பித்தளையைப் பலவீனப்படுத்தி வெடிப்புறச் செய்தது. அதற்குப் பதிலாக வந்த குளோரேற்றுக் கலவை கோதை விட்டுவைத்தது. ஆனால் குழலில் உப்பை விட்டுச் சென்றது. உப்பு ஈரத்தை ஈர்க்க, துப்பாக்கி துருப்பிடித்தது. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் துருப்பிடிக்கச் செய்யாத தொப்பிகள் விற்பனைக்கு வந்தன. இன்று பெரும்பாலான தொப்பிகளில் இருப்பது ஈயச் சேர்மானம் ஒன்றாகும்.

கரண்டின் துப்பாக்கி

இனி நாம் கதையின் மையத்துக்கு வருவோம்.

கியூபெக்கில் 1888இல் பிறந்து, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதச்சாலையில் வாழ்நாளைக் கழித்தவர் ஜோன் கரண்ட். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்கத் தேவையில்லாத, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி றைபிள் ஒன்றை உருவாக்குவதே அவருடைய பணி. அவருடைய முதல் மாதிரிகளில் துப்பாக்கியை இயக்கிய சக்தி எது தெரியுமா? அதே செப்புத் தொப்பிதான். வெடிக்கும்போது தொப்பி குழியிலிருந்து சற்றுப் பின்னே தள்ளப்படுவதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சிறு நகர்வே பொறியைத் திறந்தது. ஆனால் 1920களின் நடுப்பகுதியில் இராணுவம் வேறு மருந்துக்கு மாறியது. தொப்பி நகராதபடி அதனைச் சுற்றிப் பித்தளையை நெரித்து இறுக்கவும் தொடங்கியது. கரண்ட் தன் வடிவமைப்பைக் கைவிட்டு, குழலின் வாயுவால் இயங்கும் முறைக்கு மாறினார். 1936இல் எம்-1 என்ற பெயரில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

அரைத் தானியங்கியின் தாழ்ப்பாள், அதாவது போல்ட், மனிதனின் கைக்குத் தாமதிப்பதில்லை. சுருள்வில் அதனை முழு வேகத்தில் முன்னே எறிகிறது. அது தோட்டாவைக் குழலின் பின்னறைக்குள் தள்ளி, மோதி நிற்கிறது. போல்ட்டுக்குள்ளே தொப்பியைக் குத்தும் ஊசி ஒன்றுண்டு. பழைய கைஇழுப்புத் துப்பாக்கிகளில் அந்த ஊசியை ஒரு வில் பின்னே பிடித்து வைத்திருக்கும். கரண்டின் துப்பாக்கியிலும், பின்வந்த எம்-14, எம்-16 ஆகியவற்றிலும் ஊசி சுதந்திரமாக மிதக்கிறது. போல்ட் நின்றாலும் ஊசி தன் வேகத்தால் சற்று முன்னேறித் தொப்பியை மெல்லத் தட்டுகிறது. ஒரு தோட்டாவை இவ்வாறு ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால், தொப்பியின் மேல் ஒரு மெல்லிய வடு இருக்கும்.

அந்த வடு சற்று ஆழமானால்? விசையில் விரல் இல்லை. சுடுபவர் சுட நினைக்கவுமில்லை. ஆனாலும் வெடி கிளம்பிவிடும். "துப்பாக்கி தானாக இயங்கியது" என்று சொல்லத்தக்க நிகழ்வு இதுதான். அமெரிக்கர் இதனை அறைந்து வெடித்தல் என்ற பொருள்படச் சொல்கிறார்கள்.

ஆயுதச்சாலைகள் இதனை அறிந்தே இருந்தன. கரண்ட் துப்பாக்கியின் ஊசித்தண்டு பிற்பாடு ஒரு பக்கம் செதுக்கப்பட்டு இலேசாக்கப்பட்டது. எம்-16 றைபிளுக்கும் இதே பிரச்சினை வந்தது. 1963இல் அதன் ஊசியின் எடையும் குறைக்கப்பட்டது. எளிதில் வெடிக்காத தொப்பிகளே வேண்டும் என்று இராணுவம் வரையறையும் விதித்தது. ஊசி இலேசாக இருக்கவேண்டும், தொப்பி கடினமாக இருக்கவேண்டும், தொப்பி ஆழமாக அமர்ந்திருக்கவேண்டும். தொழிற்சாலை இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டது.

ஒரு மயிரிழை ஆழம்

ஆனால் இந்தத் துப்பாக்கிகள் பொதுமக்களின் கைக்கும் வந்தன. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் 1907 முதல் நடக்கும் தேசிய துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் கரண்ட் துப்பாக்கி நெடுங்காலம் கோலோச்சியது. போட்டியாளர்கள் செலவைக் குறைக்கவும் துல்லியத்தைக் கூட்டவும் தோட்டாக்களைத் தாமே நிரப்பினார்கள். தொழிற்சாலையின் மூன்றாவது பொறுப்பு, அதாவது தொப்பியை அமர்த்தும் பொறுப்பு, வீட்டு மேசையில் இருந்தவரின் பெருவிரலுக்கு வந்தது.

அனுபவசாலிகள் இதற்கு வகுத்த நெறி, கேட்பதற்கு மிக எளியது. தொப்பியின் முகம் கோதின் அடிப்பரப்புக்கு மேலே துருத்தி நிற்கக்கூடாது. சமமாக இருப்பதும் போதாது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை, ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, உள்ளே அமர்ந்திருக்கவேண்டும். ஒரு தலைமயிரின் தடிப்பளவுதான் அது.

துருத்தி நிற்கும் தொப்பி இரு வழிகளில் துரோகம் செய்யும். கைஇழுப்புத் துப்பாக்கியில் அது பெரும்பாலும் வெடிக்காமல் போகும். அடைகல்லின் கால்கள் குழியின் அடியைத் தொடாததால், ஊசியின் அடி தொப்பியை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். அரைத் தானியங்கியிலோ, வேகமாக வரும் போல்ட்டின் முகமே சுத்தியலாகிவிடலாம். தாழ்ப்பாள் முற்றாகப் பூட்டப்படும் முன்னர் தோட்டா வெடித்தால், அழுத்தத்தைத் தாங்கவேண்டிய பித்தளை வெறுமையில் நின்று கிழிகிறது. துப்பாக்கி உடைகிறது. அதன் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

தொப்பி துருத்துவதற்கான காரணங்களும் அற்பமானவை. குழியின் மூலையில் படிந்த பழைய கரி ஒரு காரணம். இராணுவக் கோதுகளில் தொப்பியைச் சுற்றி நெரித்திருந்த பித்தளை வளையத்தை முழுவதும் அகற்றாமல் விடுவது இன்னொன்று. அத்தகைய கோதில் தொப்பி கோணலாகவோ அரைகுறையாகவோ அமரும். ஆகவே பழக்கப்பட்டவர்கள் குழியைத் துப்புரவாக்கி, வளையத்தை அகற்றி, ஒரே சீரான அழுத்தத்தில் தொப்பியை அமர்த்துவார்கள். தொப்பி குழியின் அடியைத் தொடுவதைக் கை உணரவேண்டும். சுத்தியலால் தட்டுவது கூடாது. பின்னர் ஒவ்வொரு கோதின் அடியையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அரைகுறையாக அமர்ந்த தொப்பியை, மருந்து நிரம்பிய தோட்டாவில் மேலும் அழுத்திச் சரிசெய்ய முயல்வதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி அணிவார்கள். தொப்பிகளை அவை வந்த பெட்டியிலேயே, ஒன்றையொன்று தொடாமல் வைத்திருப்பார்கள். ஒரு போத்தலில் கொட்டி வைத்தால், ஒன்றின் வெடிப்பு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஒற்றைத் தோட்டாவை நேராகப் பின்னறையில் வைத்து போல்ட்டை விடக்கூடாது. ரவைக்கூட்டிலிருந்து தோட்டாவை உரித்தெடுக்கும் தடை இல்லாதபோது போல்ட் மேலும் வேகமாகச் சென்று அறையும்.

பிரான்சின் லெபல் றைபிளிலும் இதற்கு ஒரு முன்னோடிக் கதை இருந்தது. அதில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 1898இல் கூரிய சன்னம் வந்ததும், பின்னுள்ள தோட்டாவின் முனை முன்னுள்ளதன் தொப்பியைக் குத்தும் அபாயம் எழுந்தது. அந்த முனையைத் தாங்குவதற்கு, தொப்பியைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் கோதின் அடியிலேயே வெட்டப்பட்டது. பொறியியலாளர் ஒருவர் ஒரு பள்ளத்தால் தீர்த்ததை, அரைத் தானியங்கியின் காலத்தில் மேசையருகே இருப்பவர் தன் விரலால் தீர்க்கவேண்டியிருந்தது.

விரலின் பொறுப்பு

இந்த வரலாற்றை நான் இப்படித் தொகுத்துப் பார்க்கிறேன். சிக்கிமுக்கிக் காலத்திலும் தொப்பிக் காலத்திலும் பாதுகாப்பு, படைவீரனின் கண்ணுக்கு முன்னே நடந்தது. தீயையும் மருந்தையும் அவனே கடைசிக் கணத்தில் சேர்த்தான். உலோகக் கோது அந்தப் பொறுப்பைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றது. அரைத் தானியங்கி அந்தப் பொறுப்பின் விலையை உயர்த்தியது. மீள்நிரப்பும் மேசை அதனை மறுபடி ஒரு தனிமனிதனின் கையில் வைத்தது. ஆனால் இம்முறை அந்தக் கை செய்த தவறு அங்கேயே வெளிப்படுவதில்லை. அது ஒரு பெட்டிக்குள் மாதக்கணக்கில் உறங்கி, வேறோரிடத்தில், சில வேளை வேறொருவரின் கையில் விழித்துக்கொள்கிறது.

ஆகவே "துப்பாக்கி தவறுதலாக இயங்கியது" என்ற வாக்கியத்துக்கு நான் மீண்டும் வருகிறேன். நாங்கள் எழுதிய அந்த நான்கு வரிச் செய்திகளுள் பெரும்பாலானவற்றில் காரணம் விசையில் இருந்த விரலாகவே இருந்திருக்கும். வேறு சிலவற்றில் விழுந்த துப்பாக்கியாக இருக்கலாம், துருவேறிய ஊசியாக இருக்கலாம், சரியாக அமராத ஒரு தொப்பியாகவும் இருக்கலாம். எது என்று கேட்பது நிருபரின் கடமை. ஏனெனில் எந்தப் பொறியும் தானாக இயங்குவதில்லை. எங்கோ ஒரு கை செய்ததோ, செய்யாமல் விட்டதோதான் அவ்வாறு இயங்குகிறது. "தவறுதலாக" என்ற சொல்லை எழுதியதும் அந்தக் கை மறைந்துபோகிறது. காயப்பட்டவர் மட்டும் எஞ்சுகிறார்.

தொப்பி ஒரு மயிரிழை உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் அந்தப் பெயர் தெரியாத போட்டியாளரை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு இருந்த அந்தப் பொறுமை, ஒரு வாக்கியத்தைத் தடவிப் பார்க்க எனக்கு இருந்ததில்லை. இன்று செய்தி மேசையில் அமர்ந்திருக்கும் இளையவர்கள் அந்தச் சொல் தொலைபேசியில் வரும்போது ஒரு கணம் பேனாவை நிறுத்தி, "எப்படி?" என்று ஒரேயொரு தடவை கேட்டுவிடட்டும். எனக்குப் பதிலாகவும் கேட்டதாக அது இருக்கும்.